தென்னாசியப் பாதுகாப்பு ஆராய்ச்சியும் இளம் ஆய்வாளரும்

இமயத்துக்கு வடமேற்கே காரக்கோரம் மலைத்தொடரிலே சியாச்சின் என்னும் பனியாறு ஒன்று உளது. ஏறக்குறைய 75 கிலோமீற்றர் நீளமுடைய அப்பனியாற்றின் மருங்கில் மக்கள் வாழ்வதில்லை. பயிர் பச்சையும் இல்லை. 1984ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி இந்தியப் படையினர் அதற்கு மேற்கேயுள்ள சால்டோரோ முகட்டிலே சென்று நிலைகொண்டனர். பாகிஸ்தான் படையினர் அவர்க்கு எதிரே வந்து நின்றனர். அன்று தொடங்கிய எதிர்நிலை இன்றும் ஒழிந்திலது. அங்கே பகைவரது குண்டுக்கு இரையானோரினும் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் காற்றின் மெலிவுக்கும் இரையானோரே பெருந்தொகையினர். 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி கயாரி என்னுமிடத்துப் பாகிஸ்தான் முகாமின்மீது பனிமலை சரிந்தபோது 140 பேர் ஒருங்கே புதையுண்டனர்.

இப்பிணக்குக்கு மூலம் ஒரு கோடு வரையப்படாது விடப்பட்டமையே. 1949ஆம் ஆண்டு கராச்சியில் இரு நாட்டுப் படையதிகாரிகளும் போர்நிறுத்தக் கோட்டைப் படத்தில் குறித்தபோது NJ9842 என எண்ணிட்ட ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டனர். அதற்கப்பால் வடக்கே பனியாறுகளை நோக்கிச் செல்லும் என்பதற்கு மேல் எதுவும் எழுதிலர். மனிதர் கால் வைக்காத இடத்துக்குக் கோடு எதற்கு என எண்ணினர் போலும். 1972ஆம் ஆண்டுச் சிம்லா உடன்படிக்கையின் பின் வரையப்பட்ட கட்டுப்பாட்டுக் கோடும் அப்புள்ளியோடே நின்றுவிட்டது.

1998ஆம் ஆண்டில் இப்பனியாற்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர் இருவர். ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த சமீனா அகமது; மற்றவர் இந்தியாவைச் சேர்ந்த வருண் சாஹ்னி. இருவரும் கூடியிருந்து எழுதியது தில்லியிலன்று, இசுலாமாபாத்திலுமன்று. ஐக்கிய அமெரிக்காவிலே, நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகர்க்கி நகரிலுள்ள சாண்டியா ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கூட்டுறவுக் கண்காணிப்பு நிலையத்தின் வாயிலாகவே அது வெளிப்போந்தது. படைகளை அவ்விடத்தினின்று விலக்குவது எவ்வாறு, விலகிய பின் ஒருவர் மீண்டும் களவாய் ஏறிவிடவில்லை என மற்றவர் அறிவது எவ்வாறு என்பனவே அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்கள்.

இரண்டாவது வினாவையே யாம் முதன்மையானதாகக் கருதுகின்றோம். இந்தியத் தரப்பார், தம் படை இப்போது நிற்கும் இடங்களைப் படத்திற் குறித்து இருவரும் ஒப்பமிட்ட பின்னரே விலகுவோம் என்பர். பாகிஸ்தான் தரப்பார், அவ்வாறு ஒப்பமிடின் அந்நிலைகளை நியாயமென ஏற்றதாகிவிடும் என்று அஞ்சுவர். ஒருவர் கேட்பது சான்று. மற்றவர் அஞ்சுவது அச்சான்று பிற்காலத்தில் எவ்வாறு பொருள்படும் என்பதனையே. செய்மதிப் படங்களாலும் வானூர்திப் பார்வையாலும் நிலத்திற் பதிக்கும் உணர்கருவிகளாலும் ஏறுவோரைக் கண்டுபிடிக்கக்கூடும் எனக் காட்டப்பட்டால், ஒப்பமிட்ட படத்தின்மீது வைக்கும் பாரம் சற்றுக் குறையும். அரசியலார் பல்லாண்டு பேசியும் அவிழாத முடிச்சில் ஓரிழையையாவது தொழில்நுட்ப அறிவு தளர்த்தக்கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அதே ஆண்டில் அந்நிலையத்தைச் சேர்ந்த கென்ற் பிரிங்கர் என்பார் அப்பனியாற்றை இரு நாடும் கூடி நடத்தும் விஞ்ஞான ஆராய்ச்சிக் களமாக்கலாம் என்றும் எழுதினார்.

இவ்வாறான எழுத்து எவ்வாறு பிறக்கின்றது? அரசாங்க உத்தியோகத்தர் இதனை எழுதார், எழுதினும் வெளியிடார். பல்கலைக்கழக ஆசிரியர்க்கு வகுப்பும் விடைத்தாளும் இருக்கும். இடையிலே ஒருவர் சில மாதங்களேனும் வேறு கவலையின்றி ஒரு வினாவோடு இருத்தற்கு யாரோ ஒருவர் பொருளும் இடமும் தருதல் வேண்டும். அதனையே ஆங்கில வழக்கிற் பெல்லோஷிப் என்கின்றனர். நம் நாட்டிற் சிலர் இதனைப் புலமைப்பரிசில் என மொழிபெயர்ப்பர். அது முற்றும் பொருந்துவதன்று. ஐந்தாம் வகுப்பு மாணவன் சோதனையிற் சித்தியெய்திப் பெறுவதும் புலமைப்பரிசில்தானே! கற்றுத் தேறிய ஒருவர் தாமே ஒரு வினாவை எழுப்பி விடை தேடுதற்குப் பெறுவதாதலின் ஈண்டு இதனை ஆய்வு நல்கை என வழங்குவோம். அவற்றுள்ளும் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்த இளையோர்க்குரியவற்றையே எடுத்துக்கொள்வோம்.

தென்னாசியாவில் இந்நல்கைகள் பெருகியமைக்குக் காரணம் அச்சமே. 1986ஆம் ஆண்டின் இறுதியிலும் 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இராசஸ்தானிலே இந்தியா நடத்திய பிராஸ்டாக்ஸ் என்னும் பெரும் படைப்பயிற்சியைப் பாகிஸ்தான் படையெடுப்பின் முன்னேற்பாடென ஐயுற்றது. அதுவும் தன் படைகளை நகர்த்தியது. அதனைக் கண்டு இந்தியா ஐயுற்றது. மெய்யாகவே எவரும் போரை விரும்பாதிருக்கப் போரின் வாயில்வரை இரு நாடுகளும் சென்று மீண்டன. 1990இல் மீண்டும் ஒரு நெருக்கடி தோன்றிற்று. இரு நாடுகளும் அணுவாயுத ஆற்றலை எய்திக்கொண்டிருந்த காலமாதலின், தவறான ஊகம் ஒன்றே பேரழிவுக்குப் போதுமென்பது பலர்க்கும் தெளிவாயிற்று. பின்னர்க் கந்தி பாஜ்பாய், பி. ஆர். சாரி, பெர்வேஸ் இக்பால் சீமா, ஸ்டீபன் கோஹென், சுமித் கங்குலி ஆகிய ஐவரும் கூடிப் பிராஸ்டாக்ஸ் நெருக்கடியைப் பற்றி 1995இல் ஒரு நூலை வெளியிட்டனர். ஒரே நிகழ்ச்சியை எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் நின்றோர் எவ்வெவ்வாறு கண்டனர் என்பதனை அந்நூலில் ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். சரித்திரம் கற்பிப்போர் அதனை ஒருமுறையாயினும் புரட்டிப் பார்த்தல் நன்று.

மேற்கூறிய கோஹென் இல்லினோய் பல்கலைக்கழகத்திலே நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். அவரும் அவரோடொத்த சிலரும், முதியோர் மனம் மாற்றுதற்கரியது, இளையோரை ஒருவரோடொருவர் பழகச் செய்தலே வழி என எண்ணினர். 1990களின் முற்பகுதியிலிருந்து போர்ட் தாபனத்தின் பொருளுதவியோடு கோடைகாலப் பயிற்சிப் பட்டறைகள் நடைபெறலாயின. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் இளம் விரிவுரையாளர், பத்திரிகையாளர், படையதிகாரிகள் ஆகியோர் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கிக் கற்றனர்.

எமது நாட்டின் பங்கும் இதிற் சிறிதன்று. தந்திரோபாயக் கற்கைகளுக்கான பிராந்திய நிலையம் 1990களின் தொடக்கத்திற் கொழும்பிலே நிறுவப்பட்டது. தில்லியில் அமைந்திருப்பின் இசுலாமாபாத்தார் வாரார்; இசுலாமாபாத்தில் அமைந்திருப்பின் தில்லியார் வாரார். சிறிய நாடாயிருப்பதிலும் சில வேளைகளில் ஓர் அனுகூலம் உண்டு. அந்நிலையத்தின் முதற் பணிப்பாளராயிருந்தவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செல்டன் கொடிகார. அவர் பெயராலே இளம் ஆய்வாளர்க்கு ஒரு நல்கை ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெற்றோர் எழுதியவை சிறு நூல்களாக அச்சேறின. மகபூப் உல் ஹக் என்னும் பாகிஸ்தானியப் பொருளியலறிஞரின் பெயரால் அமைந்த பிறிதொரு நல்கை, வெவ்வேறு நாட்டினர் இருவர் கூடிச் செய்யும் ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்டது.

கொடிகார அவர்களைப் பற்றிச் சிறிது கூறாதிருக்க மனம் ஒப்பவில்லை. சுதந்திரத்துக்குப் பிந்திய இந்திய இலங்கை உறவுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. பத்தாண்டு கழித்து 1974இல் அவ்வெச்சத்தையும் இரு நாடும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைநகரங்களிலே நல்லுறவு காக்கப்பட்டது. தோட்டத்து லயங்களிலே குடும்பங்கள் பிரிந்தன. நாட்டின் பாதுகாப்பு வேறு, நாட்டிலுள்ளோரின் பாதுகாப்பு வேறு என்பதனை எமது மாணவர்க்கு விளக்க யாம் கையாளும் பாடம் இதுவேயாகும்.

அமெரிக்காவின் பக்கம் நோக்குமிடத்து, 1989இல் வாஷிங்டனில் நிறுவப்பட்ட ஸ்டிம்சன் நிலையம் குறிப்பிடத்தக்கது. பாரி பிளெக்மன், மைக்கேல் கிரெப்பன் ஆகிய இருவர் அதனைத் தொடக்கினர். 2022இல் மறைந்த கிரெப்பன், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின்மேல் ஒன்று நம்பிக்கை கொள்ளுதற்கான ஏற்பாடுகளைப் பற்றியே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியும் எழுதியவர். தென்னாசியாவிலிருந்து, பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும், இளம் ஆய்வாளர் சிலர் அங்கே சென்று குறித்த காலம் தங்கிக் கட்டுரை எழுதி மீள்வர். கார்னகி தாபனத்தில் ஓராண்டு தங்கும் இளையோர் நல்கையும் உண்டு. ஆயின் அதற்குக் குறித்த பல்கலைக்கழகங்களே ஆட்களை முன்மொழிதல் வேண்டுமாதலின் எம் போன்றோர் மாணவர்க்கு அக்கதவு எளிதில் திறவாது.

இவற்றால் விளைந்த பயன் யாது என வினவுவோர் உளர். சியாச்சினில் இன்றும் படைகள் நிற்கின்றனவே! மேற்கூறிய கட்டுரை வெளிவந்த ஆண்டில், மே மாதத்தில், இரு நாடுகளும் அணுக்குண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அடுத்த ஆண்டு கார்கிலில் போர் மூண்டது. 2007இல் ஓய்வுபெற்ற இரு பிரிகேடியர்கள், பாகிஸ்தானைச் சேர்ந்த அசாத் ஹக்கீமும் இந்தியாவைச் சேர்ந்த குர்மீத் கன்வாலும், அதே அல்புகர்க்கி நிலையத்தோடு சேர்ந்து சியாச்சினினின்று படைகளை விலக்கும் முறையை மீண்டும் விரிவாக எழுதினர். அதுவும் நிறைவேறவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையினால் ஒரு போர்வீரனாவது மலையினின்று இறங்கினான் என எம்மாற் சொல்ல இயலாது.

ஆயினும் பயன் முற்றும் இல்லை என்பதும் பொருந்தாது. ஒன்றன் அணுவுலைகளை மற்றது தாக்காதெனும் உடன்படிக்கை 1988 டிசெம்பர் 31ஆந் திகதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமிடையே கைச்சாத்தாயிற்று. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதலாந் திகதி இரு நாடுகளும் தத்தம் அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றன. கார்கில் போரின் பின்னும், 2008 மும்பைத் தாக்குதலின் பின்னும் அது நின்றிலது. இத்தகைய சிறு ஏற்பாடுகள் என்னென்ன, எவை நெருக்கடியிலும் நிலைத்தன, எவை முறிந்தன என்று கணக்கெடுத்து வைத்திருப்போர் பெரும்பாலும் இந்நல்கைகளாற் பயிற்றப்பட்டோரே. நெருக்கடி மூண்ட பின் நூல் தேடிப் படிக்க எவர்க்கும் நேரமிராது.

குறைகளையும் மறைத்தலாகாது. சாண்டியா ஆய்வுகூடம் அமெரிக்காவின் அணுவாயுதங்களுக்குரிய உறுப்புக்களை ஆக்கும் பணியிலும் ஈடுபட்டது என்பது பலர்க்கு வியப்பாயிருக்கலாம். சமாதான ஆராய்ச்சிக்கு அவ்விடமே இல்லமாயிற்று. அது தன்னளவிற் பிழையன்று. கண்காணிக்கும் கருவியை அறிந்தோர் ஆயுதத்தை ஆக்கியோரே. ஆனாற் பொருள் தருவோரின் கவலையே ஆய்வாளரின் வினாவாக மாறிவிடுகின்றது என்பது உண்மை. அணுவாயுதம் பற்றி எழுதுவோர்க்குக் கதவு விரைந்து திறக்கும். நிலத்தடி நீர், மீன்பிடி, அகதிகளின் மீள்குடியேற்றம் என்பன பற்றி எழுத விரும்புவோர் நெடிது காத்திருத்தல் வேண்டும். அன்றியும் பொருள் தருவோரின் மனம் மாறினால் நிலையங்களே ஒடுங்கிவிடும். 2025ஆம் ஆண்டில் வாஷிங்டனில் உட்ரோ வில்சன் நிலையம் அரசாணை ஒன்றினாற் பெரிதும் குறைக்கப்பட்டமையை யாவரும் அறிவர். அவ்வாண்டே ஏப்பிரல் 22ஆந் திகதி பஹல்காமில் நிகழ்ந்த கொலைகளின் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் குடிகளுக்கு மற்றது வழங்கியிருந்த விசாக்களை இரத்துச் செய்தன. மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் பொருதன. அத்தகைய வேளையில் லாகூரில் உள்ள இளம் ஆய்வாளர் ஒருவரும் தில்லியில் உள்ளவர் ஒருவரும் நேரிற் சந்திக்க வேண்டின் மூன்றாம் நாடொன்றுக்கே செல்லுதல் வேண்டும். அந்நாட்டு விசாவும் கிடைத்தல் வேண்டும்!

இனி எமக்கு அணித்தான செய்தி ஒன்று. எம்மிடம் பயின்று, பின்னர் வெளிவாரியாகக் கலைப் பட்டம் பெற்ற பழைய மாணவர் ஒருவர், இத்தகைய நல்கை ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பி எமது இல்லத்துக்கு வந்தார். அவர் எழுதி வந்த தலைப்பு ‘இந்து சமுத்திரத்தின் பாதுகாப்பு’ என்பது. தம்பி, சமுத்திரத்தை விட்டுக் கரைக்கு வாரும் என்றோம். இரண்டு மாலைப்பொழுதுகள் பேசிய பின் பாக்குநீரிணை மீன்பிடிப் பிணக்கே அவர்க்கு உரிய பொருள் எனத் துணிந்தோம். 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. எல்லை கடலின்மீது எழுதப்பட்டது; மீன் அதனைப் படிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதால் எமது வடபகுதி மீனவர் வலையும் தொழிலும் இழக்கின்றனர். அப்பாலுள்ள மீனவரோ சிறைப்பட்டும் படகிழந்தும் வருந்துகின்றனர். இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. இரு கரையிலும் பேசுவது ஒரே மொழி. ஆயினும் இரு தலைநகரங்களும் இதனைக் கடற்படைகளின் வேலையாகவே பார்க்கின்றன. சட்டம் வந்த பின்னர் எமது பக்கத்து மீனவர் சங்கங்களின் நிலை எவ்வாறு மாறிற்று என்பதனை மாத்திரம் ஆராய்க என அறிவுறுத்தினோம்.

விண்ணப்பம் நன்றாகவே அமைந்தது. வினா ஒன்று, அதனை ஆராயும் முறை, காலவட்டவணை, முன்னரெழுதிய கட்டுரையொன்று என்பனவெல்லாம் இருந்தன. இடறியது பிறிதோரிடத்தில். விண்ணப்பதாரியின் ஆராய்ச்சித் திறமையை நேரில் அறிந்த பல்கலைக்கழக ஆசிரியர் இருவரின் கடிதங்களை அனுப்புக எனக் கேட்டிருந்தனர். வெளிவாரி மாணவனுக்கு அத்தகைய ஆசிரியர் யார்? அவன் தனியார் வகுப்பிலும் நூல்நிலையத்திலும் தன் வீட்டு விறாந்தையிலும் கற்றவன்; பல்கலைக்கழகத்தைச் சோதனை மண்டபமாக மாத்திரம் கண்டவன். யாமும் அவ்வழியே வந்தோமாதலின் இத்துன்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எம்மையே ஒரு கடிதம் எழுதும்படி கேட்டார், எழுதினோம். பாடசாலை ஆசிரியரின் கடிதம் ஏற்கப்படாதென ஒரு வரியில் விடை வந்தது. அந்நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. விதியை வகுத்தோர் எம்மை இழிவுபடுத்த எண்ணினாரல்லர். எம் போன்றோர் உளர் என்பதையே எண்ணினாரல்லர்.

பழைய மாணவர் சங்கத்தாரில் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றுவோர் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்கு ஓரிருவர் கட்டுரைகளையேனும் படித்துத் திருத்தி, அதன் பின்னர் அறிந்ததை அறிந்தவாறு கடிதமாக எழுதுவார்களாயின் இக்குறை பெரும்பாலும் தீரும். பொருளுதவி வேண்டியதில்லை, ஒருவரின் எழுத்தை மூன்று மாதம் பொறுமையோடு படிக்கும் நேரமே வேண்டும். மேல்வகுப்பு மாணவரும் இப்போதே ஒன்று செய்யலாம். ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்களில் ஒரு பொருளை ஆதாரத்தோடு எழுதிப் பழகுக. நல்கைக்குழுவினர் முதலிற் கேட்பது அதுவே. எமது பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவதும் அதிலேயே. புள்ளிவிபரத்தைப் பத்திரிகையினின்று எடுக்காது திணைக்களத்து அறிக்கையினின்று நேரே எடுக்கும் வழக்கமும் வேண்டும்.

அம்மாணவர் இப்போது கொழும்பிலுள்ள விரிவுரையாளர் ஒருவருக்குத் தம் கட்டுரையை அனுப்பியுள்ளார். அவரும் படிக்க இசைந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர் துவிச்சக்கர வண்டியிற் கரையோரக் கிராமங்களுக்குச் சென்று, சங்கக் காரியதரிசிமாரிடம் பழைய கணக்குப் புத்தகங்களை வாங்கிப் பிரதிசெய்து வருகின்றார். சென்ற வாரம் 1976ஆம் ஆண்டுக் கடலெல்லைப் படம் ஒன்று வேண்டுமென வந்தார். கல்லூரி நூல்நிலையத்தில் அது இல்லை. எமது கைவசமிருந்ததைக் கொடுத்தனுப்பினோம்.